சில சொற்கள் ஓசையிலும் பொருளிலும் ஒருசேர இனிப்பது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் உங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் கேட்டு வளர்ந்த வளவு, ஊருணி, இழை, தேன்குழல் என்ற சொற்களும், பள்ளிக்கூடத்தில் படித்த மழலை, தென்றல், நிலா என்ற சொற்களும் பொருளை நினைப்பதற்கு முன்பே காதுக்கு இனிக்கின்றன என்கிறீர்கள். அந்த இனிமை ஓசையிலேயே இருக்கிறதா, பொருள் தெரிந்ததால் நாமாக ஏற்றிக்கொண்டதா என்பது உங்கள் கேள்வி. கூடவே, பிறந்திருக்கும் மகளுக்கு மழலை, இழை, உங்கள் ஆயாவின் பெயரான தேனம்மை, இந்த மூன்றில் எதை வைக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு ஒரு கேள்விதான். உள்ளே மூன்று இருக்கின்றன: ஒரு சொல்லின் ஓசை அதன் பொருளை ஒத்திருக்கிறதா, பொருளை ஒதுக்கிவிட்டாலும் அந்த ஓசை அழகா, பொருளும் பழக்கமும் சேர்ந்து நம் காதையே மாற்றிவிடுகின்றனவா. இவற்றைக் கலந்து பேசும்போதுதான் வாதம் முடிவில்லாமல் போகிறது. நான் மொழியியல் படித்தவன். காரைக்குடிப் பக்கம் கல்லூரியில் ஒலியியலும் இலக்கணமும் கற்பித்தேன். வயதான ஆச்சிகளிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு எழுதிவைத்து வருகிறேன். மூளையும் நரம்பும் என் துறை அல்ல. அந்தப் பக்கம் பேசும்போது படித்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாயில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இதில் ஐயத்துக்கே இடமில்லை. ‘மழலை’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மகரத்துக்கு உதடுகள் சேர்கின்றன. ஆனால் மூச்சு நிற்பதில்லை, மூக்கு வழியே போய்க்கொண்டிருக்கிறது. உதடு பிரிந்ததும் அகரம். அடுத்து நாக்கின் நுனி மேல்நோக்கி வளைகிறது. ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ ரகரமும் ழகரமும் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். வருடுதல் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அழுத்துவதோ ஒட்டுவதோ இல்லை. நுனி அண்ணத்தை நெருங்கி நிற்க, காற்று தடையில்லாமல் கடந்து போகிறது. பிறகு நுனி முன்னால் வந்து பல்லடியைத் தொடும்போது காற்று நாக்கின் இரு ஓரமும் ஒழுகுகிறது, அது லகரம். கடைசி ஐகாரம் தன் அளவில் குறைந்து மெல்ல ஓய்கிறது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை குரல்வளையின் அதிர்வு ஒரு கணமும் அறுபடவில்லை. ‘பட்டாசு’ என்று சொல்லும்போது ட்ட வரும் இடத்தில் காற்று முழுக்க அடைபட்டு ஒரு சிறு மௌனம் விழுகிறதே, அப்படி ஒன்று மழலையில் எங்கேயும் இல்லை. வளவு, நிலா, இழை ஆகியவையும் இதே வகை. இழையில் ஒருபடி மேலே போய், நாக்கோ உதடோ எதையும் அடைப்பதே இல்லை.

நம் இலக்கணம் மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்தது வெறும் வகைப்பாட்டுக்காக அல்ல. அது காது கேட்டுச் செய்த பிரிவு. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுத்தில் வல்லினமாக இருப்பது பேச்சில் எப்போதும் வன்மையாக ஒலிப்பதில்லை. ‘அழகு’ என்பதில் உள்ள ககரம் இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்டு மென்மையாகிவிடுகிறது. ‘அக்கு’ என்று சொன்னால்தான் அதன் முழு வன்மை தெரியும். ஆகவே ஒரு சொல் மெல்லியதா என்று பார்க்க எழுத்தை எண்ணாதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூச்சு தடையின்றி ஓடும் சொல் நம் காதுக்கு இதமாக இருக்கிறது என்பது வரை பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். அதிலிருந்து ‘மெல்லோசைக்கு நல்ல பொருள்’ என்று ஓர் எட்டு வைத்தாலே கால் இடறும். மலர் என்ற சொல்லின் பக்கத்திலேயே மலம் நிற்கிறது. மாறுவது கடைசி மெய் ஒன்றுதான், அதுவும் மெல்லெழுத்து. அழகுக்கும் அழுகுவதற்கும் இடையே ஓர் உகரம்தான் வேறுபாடு. இழையின் அதே முடிவில்தான் பிழையும் ஏழையும் கோழையும் முடிகின்றன. மழலையையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பேச்சைக் குறிக்கும் அந்தச் சொல் குழந்தைப் பேச்சின் ஓசையைப் பின்பற்றியது என்று எழுதுகிறார்கள். ஆனால் ழகரம் குழந்தைகளுக்குப் பிந்தி வாய்க்கும் ஒலிகளில் ஒன்று. மழலை பேசுகிற பருவத்தில் ‘மழலை’ என்று திருத்தமாகச் சொல்ல எந்தக் குழந்தைக்கும் நாக்கு வளையாது. அது கேட்டு மகிழ்ந்த பெரியவர்களின் வாய்க்குரிய சொல்.

பொருளை நீக்கிவிட்டால் ஓசை மட்டும் அழகாக நிற்குமா என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. ‘செல்லர் டோர்’ என்றால் நிலவறைக் கதவு. பொருளில் சொக்குவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தத் தொடரின் ஓசை அழகு என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பலர் சொல்லி வந்திருக்கிறார்கள். எழுத்தாளர் டோல்கீன் 1955இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவிலும், பொருளையும் எழுத்துக்கூட்டலையும் மறந்துவிட்டுக் கேட்டால் அது அழகானது என்றார். நம் ‘அழுகல்’ என்பதைத் தமிழ் தெரியாத ஒருவரிடம் பெண்ணின் பெயர் என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது.

அப்படியானால் ஓசைக்கும் பொருளுக்கும் உறவே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை. 1929இல் கோலர் என்ற உளவியலாளர் கூரான முனைகள் கொண்ட ஓர் உருவத்தையும் வளைந்த ஓர் உருவத்தையும் காட்டி, பொருளற்ற இரண்டு பெயர்களில் எது எதற்கு என்று கேட்கும் சோதனையை எழுதினார். 2001இல் மூளை ஆய்வாளர்களான வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் அதைக் கிகி, பூபா என்ற பெயர்களோடு மறுபடி செய்தார்கள். அமெரிக்க மாணவர்களிடமும் தமிழ் பேசுவோரிடமும் கேட்டதாகவும், 100க்கு 95 பேர் கூரானதைக் கிகி என்றும் வளைந்ததைப் பூபா என்றும் சொன்னதாகவும் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகளில் அந்த அளவு இவ்வளவு உயரமாக வரவில்லை. ஆனாலும் 25 மொழிகளிலும் 10 எழுத்து முறைகளிலும் செய்து 2021இல் வெளியான ஆய்வில் பெரும்பாலான மொழிகளில் இந்தப் போக்கு தெரிந்தது. சில மொழிகளில் தெரியவில்லை. இதை நான் உறுதி என்ற பக்கத்தில் வைக்கிறேன். ஆனால் அந்தச் சோதனை சொல்வது வடிவத்தைப் பற்றி. பூபா அழகு, கிகி அழகில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒத்திருப்பது வேறு, அழகாயிருப்பது வேறு.

இந்த ஒப்புமையைத் தமிழில் எங்கே கையில் பிடிக்கலாம் என்றால் பெயர்ச்சொற்களில் அல்ல, இரட்டைக்கிளவியில். ‘இரட்டைக்கிளவி இரட்டின் பிரிந்திசையா’ என்று தொல்காப்பியர் அதற்குத் தனி நூற்பாவே வைத்தார். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றுக்குள் போய், சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவரில் கையை வைத்தால் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வாயில் வருவது ‘வழவழ’. வெளித்திண்ணையில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைத் தொட்டால் ‘சொரசொர’. அடுப்படியில் அப்போதுதான் எடுத்த கைமுறுக்கு ‘மொறுமொறு’, ஆறிப்போன பாகு ‘கொழகொழ’. வழவழவில் நாக்கு எங்கும் மோதுவதில்லை. சொரசொரவில் நுனி அண்ணத்தில் ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டுப் போகிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, நாக்கு அதிரும் ரகர ஒலிகள் சொரசொரப்பைக் குறிக்கும் சொற்களில் உலக மொழிகள் பலவற்றில் கூடுதலாக வருகின்றன என்று காட்டியது. படித்தபோது எனக்குக் கரடுமுரடு, முரட்டு, நறநற, கரகர என்று வரிசையாக நினைவுக்கு வந்தது. வீடு பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகளிடம் வழவழ, சொரசொர என்ற இரண்டு சொல்லையும் சொல்லி எது இந்தச் சுவர் என்று கேட்டிருக்கிறேன். பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொல்லும்போது என் முகமும் கையும் விடையைக் காட்டிக்கொடுத்திருக்கும். முறையான ஆய்வுகளிலும் அயலார் பிறமொழி ஒலிக்குறிப்புச் சொற்களை ஊகிப்பது குருட்டுவாக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே நமக்கு வரும் பெரிய ஆபத்து, பிடித்த சொற்களைப் பொறுக்கி எடுத்துக் கோட்பாடு கட்டுவது. நம் வீட்டு அமைப்பிலேயே காட்டுகிறேன். தெருவைப் பார்த்து நிற்பது முகப்பு. ப்ப என்று அழுத்தமான ஓசை, வந்தவர் நின்று பேசும் இடம். உள்ளே போனால் வளவு. வ, ள, வ என்று முழுக்க இடையினம், வானம் திறந்த முற்றமும் சுற்றிலும் அறைகளும். வெளியே வன்மை, உள்ளே மென்மை என்று எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! அதற்கும் உள்ளே போனால் அடுப்படி வந்துவிடும். ட, ப்ப, ட. கோட்பாடு அங்கேயே நின்றுபோகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் மூவினமும் ஒவ்வொன்றாக இருக்கின்றன என்பதும் அப்படியே. உண்மைதான், த வல்லினம், ம மெல்லினம், ழ இடையினம். ஆனால் கமழ் என்பதிலும் அப்படித்தான், சிமிழிலும் அப்படித்தான், கனவிலும் அப்படித்தான். ‘இனிமையும் நீர்மையும் தமிழெனல் ஆகும்’ என்று பிங்கல நிகண்டு சொல்வது நம் முன்னோர் அந்தப் பெயரை எப்படி உணர்ந்தார்கள் என்பதற்குச் சான்று. எழுத்துக் கூட்டல் அந்த இனிமைக்குக் காரணம் என்பதற்குச் சான்று ஆகாது. மாறாக, இது, அது என்பதில் அண்மைக்கு இகரமும் சேய்மைக்கு அகரமும் வருவது உலக மொழிகள் பலவற்றில் காணும் போக்கோடு ஒத்துப்போகிறது. வாய் குறுகினால் அருகில், விரிந்தால் தொலைவில். ஆனால் அதே போக்கின்படி சிறியதற்கு இகரமும் பெரியதற்கு ஆகாரமும் வர வேண்டும். ‘சிறிய’ பொருந்துகிறது, ‘பெரிய’ பொருந்தவில்லை.

2016இல் உலக மொழிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. மூக்கைக் குறிக்கும் சொல்லில் நகர ஒலியும் நாக்கைக் குறிக்கும் சொல்லில் லகர ஒலியும் எதிர்பார்ப்பதைவிட அதிகம் வருகின்றன என்றார்கள். தமிழுக்குப் போட்டுப் பார்த்தால் மூக்கில் மூக்கொலி இருக்கிறது, அது நகரம் அல்ல, மகரம். நாக்கில் லகரம் இல்லவே இல்லை. ஆனால் நாக்குக்குப் பழந்தமிழில் இன்னொரு சொல் உண்டு: தால். தாலாட்டு என்ற சொல்லை அந்தத் தாலிலிருந்து வந்ததாகக் கொள்வது வழிவழியான விளக்கம். நாவை ஆட்டிப் பாடுவது. இதில் எனக்கு ஈடுபாடு அதிகம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

நம் ஊர்த் தாலாட்டுகளில் வரும் சொற்கள் ஊருக்கு ஊர் மாறும். மாமன் கொண்டுவந்த சீரும், கப்பலேறிப் போன ஐயாவும், கோயில் பெயரும் மாறி மாறி வரும். மாறாதது ‘ஆராரோ ஆரிரரோ’. அதற்குப் பொருள் தேடி ‘யார் யாரோ’ என்று பிரித்துக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது பின்னால் சேர்ந்த விளக்கமாகத்தான் படுகிறது. பாடும்போது நடப்பதைக் கேளுங்கள். வாயை நன்றாகத் திறந்து நெடிலை நீட்டுகிறார்கள்; ரகரத்துக்கு நாக்கு ஒரே ஒரு முறை தட்டுகிறது; மறுபடி நெடில். சொரசொரவில் உராய்வாகக் கேட்ட அதே ரகரம், இரண்டு நெடில்களுக்கு நடுவே வந்ததும் தொட்டில் ஒரு பக்கம் போய்த் திரும்பும் தாளமாகிவிடுகிறது. ஆக, ஓர் ஒலிக்கு இதுதான் குணம் என்று தனியே எழுதிவைக்க முடியாது. அக்கம்பக்கத்து ஒலியும், அளவும், எத்தனை முறை வருகிறது என்பதும் சேர்ந்தே குணத்தைத் தீர்மானிக்கின்றன. தொல்காப்பியர் செய்யுளியலில் 20 வண்ணங்களைச் சொல்லும்போது ‘மெல்லிசை வண்ணம் மெல்லெழுத்து மிகுமே’ என்று மிகுதியைத்தான் சொன்னார். மெல்லிசை வந்தால் இனிய செய்தி என்று சொல்லவில்லை.

கம்பன் அதை எவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்தினான் என்பதை, 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கும் ஊர்க்காரனாக நான் சொல்லாமல் விட முடியாது. சூர்ப்பணகை அழகுருவம் எடுத்து வரும் பாட்டின் கடைசி அடி: ‘வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.’ பாட்டு முழுக்க ஞ்ச, ஞ்ச என்று மெல்லெழுத்து இழைகிறது. கண்ணை மூடிக் கேட்டால் ஒரு பெண் சலங்கை கட்டி ஒயிலாக நடந்து வருகிற ஓசை. ஆனால் அந்த ஓசையில் வரும் சொற்களைப் பாருங்கள்: நஞ்சம், வஞ்சம். வஞ்சிக்கொடிக்கும் வஞ்சகத்துக்கும் ஓசை ஒன்றாக இருப்பதை அவன் பிடித்துக்கொண்டான். அவள் உருவத்தால் செய்த ஏமாற்றைப் பாட்டு ஓசையால் செய்கிறது. இங்கே ஓசை அழகு, பொருள் நஞ்சு. ஆனாலும் இரண்டும் அற்புதமாகப் பொருந்துகின்றன. பங்குனியில் கம்பன் விழா மேடையில் யாராவது இந்த அடியை நன்றாக நிறுத்திச் சொன்னால் பந்தலே அசையாமல் கேட்கும். ‘ஓசையும் பொருளும் ஒன்றாய் இனிக்கும் சொல்’ என்று நீங்கள் தேடுவதைவிட இது பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

இனி மூன்றாவது கேள்வி. பொருளும் பழக்கமும் நம் காதை மாற்றுகின்றனவா? மாற்றுகின்றன, என் மதிப்பில் மற்ற இரண்டையும்விட இதற்கே பங்கு அதிகம். 2023இல் வெளியான ஓர் ஆய்வில் 228 மொழிகளின் பேச்சை 820 பேரைக் கேட்கவைத்து எது இனிமை என்று மதிப்பிடச் சொன்னார்கள். மொழிகளுக்கிடையே வேறுபாடு மிகச் சிறிதாகத்தான் வந்தது. ஒரு மொழி தனக்குத் தெரிந்தது என்று கேட்டவர் நினைத்தால் மட்டும் மதிப்பெண் தெளிவாகக் கூடியது. உலகிலேயே இனிய ஓசை தமிழோசைதான் என்று எனக்கும் தோன்றுகிறது; அது என் அன்பு, அளந்து கண்ட உண்மை என்று சொல்லமாட்டேன்.

நம் வீடுகளில் அப்பாவை அழைக்கும் ‘அப்பச்சி’யைச் சொல்லிப் பாருங்கள். ப்ப, ச்ச என்று இரண்டு இரட்டித்த வல்லினம். ஓசைக் கணக்கில் இது முரட்டுச் சொல்லாக இருக்க வேண்டும். நகரத்தார் வீட்டில் பிறந்த யாருக்காவது அப்படிக் கேட்கிறதா? பர்மாவிலோ மலேயாவிலோ கணக்கெழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் கழித்து ஊர் திரும்பியவரைப் பார்த்து ஒரு பிள்ளை முதன்முதலில் சொல்லும் சொல் அதுவாக இருந்த வீடுகள் இங்கே எத்தனையோ. தேன்குழலில் ஒரு துளித் தேன் கிடையாது. அரிசி மாவும் உளுந்து மாவும் உப்பும். ஆனாலும் அந்தப் பெயரே நாவில் இனிக்கிறது என்றால் தேன் என்ற சொல் தன் பொருளை அங்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறது. ஊருணி என்பதும் அப்படி. ஊர், உண் என்ற இரண்டும் அதற்குள் இருக்கின்றன. ஆறு ஓடாத சீமையில் மழைநீரைப் பிடித்து வைத்து ஊரே குடித்த இடத்தின் பெயர் அது. ‘ஊருணி நீர்நிறைந் தற்றே’ என்ற குறளை வேறு ஊரில் படித்தவருக்கும் இங்கே வறண்ட ஆனியில் குடம் சுமந்தவருக்கும் அந்தச் சொல் ஒரே ஓசையாகக் கேட்காது.

ழகரத்தைப் பற்றி ஒரு சொல். தென்பாண்டிப் பக்கம் போலவே நம் பக்கத்துப் பேச்சிலும் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடும். ‘மளை வருது, வாளைப்பளம் நனையுது’ என்பதுதான் காதில் விழுவது. ழகரம்தான் அந்தச் சொற்களின் அழகு என்றால், ‘மளை’ என்று சொல்லும் ஆச்சிக்கு அது அழகற்ற சொல்லாக இருக்க வேண்டும். பிள்ளையார் நோன்பு இரவில் நடுவீட்டில் எல்லோரும் கூடி நிற்க, 21 நூலைத் திரியாக்கி, இழைமாவில் வைத்துச் சுடரேற்றி, வரிசையாக ‘இளை எடுத்துக்க’ வரும்போது, அந்தச் சொல்லின் முன்னால் அவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். இழை என்பது உங்களுக்கு இனிக்கிறது என்று எழுதினீர்களே, அதில் எத்தனை பங்கு ழகரத்துக்கு, எத்தனை பங்கு அந்த இரவுக்கு என்று என்னால் பிரித்துத் தர முடியாது. எவராலும் முடியும் என்று நான் நம்பவில்லை.

ஆகவே என் விடை இது. ஓசைக்கும் பொருளுக்கும் இயல்பான உறவு ஒன்று உண்டு, அது மெல்லியது. வடிவம், சொரசொரப்பு, அண்மை சேய்மை போன்ற சிலவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. தடையின்றி ஓடும் ஓசை இதமானது, ஆனால் அது நல்ல பொருளையும் கெட்ட பொருளையும் ஒன்றாகவே சுமக்கும். மற்றதெல்லாம் நாம் அந்தச் சொல்லோடு வாழ்ந்த வாழ்க்கை. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியர் உரியியலில் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாது என்கிறார். சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பு இல்லை என்று 1916இல் வெளிவந்த, மொழியியலாளர் சசூரின் பாடங்கள் சொன்னதைவிட இந்த நிலை இன்றைய ஆய்வுகளுக்கு நெருக்கமாக இருக்கிறது.

பெயருக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பெயர்களில் ஒரு நேர்த்தி உண்டு: மெய்யப்பன், மெய்யம்மை, வள்ளியப்பன், வள்ளியம்மை, அழகப்பன், அழகம்மை, தேனப்பன், தேனம்மை. ப்பவும் ம்மவும் இரண்டுமே உதட்டில் பிறப்பவை. முன்னதில் மூச்சு அடைபடுகிறது, பின்னதில் மூக்கு வழி தொடர்கிறது. ஆணுக்கு வன்மை, பெண்ணுக்கு மென்மை என்று யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அப்பனும் அம்மையும் குழந்தையின் உதடு முதலில் பழகும் ஒலிகளிலிருந்து வந்தவை. எந்த ஒலி யாருக்கு என்பது இயற்கை விதியும் அல்ல. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா.

மழலையை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது ஒரு பருவத்தின் பெயர். 30 வயதில் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது அவளுக்குச் சங்கடமாக இருக்கலாம். இழை ஓசையில் மிக நுட்பமானது, ஆனால் தனியே நின்றால் நீட்டிக் கூப்பிட இடம் இல்லை. குறில் ஒன்று, குறுகிய ஐ ஒன்று, அவ்வளவுதான். ஊரில் ‘இளை’ ஆகும், ழகரம் பழகாத நாட்டில் ‘இலை’ ஆகும். தேனம்மையில் முதல் எழுத்தே நெடில். மாடியிலிருந்தோ வளவின் மறுகோடியிலிருந்தோ எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். த ஒன்றைத் தவிர வல்லினம் இல்லை, வேறு நாட்டு நாக்கும் பெரிதாகச் சிதைக்காமல் சொல்லும், பொருளும் இனிது, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் ஆயாவின் பெயர். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா, பெற்ற தாயின் பெயரைச் சொல்லிப் பேத்தியை அதட்டவோ கொஞ்சவோ தயங்குவார். நம் வீடுகளில் தாத்தா பாட்டி பெயர் வைத்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு வீட்டுப் பெயர் தனியாக இருப்பது அதனால்தான். பதிவில் தேனம்மை என்று வையுங்கள்; வீட்டில் எப்படி அழைப்பது என்பதை அம்மாவிடமே விட்டுவிடுங்கள். இழையை விட மனமில்லை என்றால் ‘தேனிழை’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அதுவும் நல்ல பெயர்தான், ஆனால் அப்போது அவளுக்கு அந்த ழகரத்தை நாக்கு வளையும் வயது வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் வேலை உங்களைச் சேரும்.